செல்வத்துக்கு அம்மா எழுதுவது

அன்பு மகன் செல்வத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ, சுமதி, கவின் நலமறிய ஆவல். போனில் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரைக்கும் படி.

கோயில் கொடை முடிந்து நீங்கள் கிளம்பியதிலிருந்து கவின் முகம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றைக்குப் பால் டம்ளரைத் தட்டிவிட்டானே, அப்போது நீயும் சுமதியும் ஏதோ பேசிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளை கொட்டின பாலைப் பார்க்கவில்லை, உன் முகத்தைப் பார்த்தான். உதடு துடிக்கிறது. ஆனால் "நான் அழலப்பா, நான் அழல" என்கிறான். நீ "அதான் ஆம்பளப் புள்ள" என்று தலையைத் தடவிவிட்டுப் போனாய். அப்புறம் அடுப்படிக்கு வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சி, அப்பா முகம் கோவமா, தூக்கமா?" என்று கேட்டான்.

அங்கன்வாடியில் படம் காட்டிக் கேட்போம். பலூன் உடைந்த பிள்ளை எப்படி இருக்கும் என்றால், நாலு வயசில் அநேகமாகச் சரியாகச் சொல்லிவிடும். சிரிக்கிற முகத்துக்குள்ளும் வருத்தம் இருக்கலாம் என்பது அஞ்சு, ஆறு வயசுக்கு மேல்தான் தெளிவாகப் பிடிபடும். உன் பிள்ளை இப்போதே மறைக்கப் பழகுகிறான். மறைப்பது என்னவென்று அவனுக்கே பேர் தெரியாது.

அழவிட்டால் பயந்தாங்கொள்ளியாகிவிடுவான் என்பது உன் எண்ணம். உன் அப்பாவுக்கும் அதேதான். வள்ளி எம்.எட். படிக்கும்போது எனக்கு வாசித்துக் காட்டியது ஞாபகம் வருகிறது. அமெரிக்காவில் ஜான் காட்மன் என்கிற உளவியல் ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவர்களும் 1996-இல் எழுதியது. பிள்ளையின் அழுகையையும் கோபத்தையும் பெற்றவர்கள் என்னவாக நினைக்கிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு அது சட்டென்று அடக்க வேண்டிய தொந்தரவு. சிலருக்கோ, பிள்ளையை நெருங்கி உட்கார்ந்து பேச வேண்டிய நேரம். இவர்கள் வளர்த்த பிள்ளைகள்தான் தங்களைத் தாங்களே அமைதிப்படுத்திக்கொள்வதில் மேலாக இருந்தார்களாம். ஜூடி டன் என்கிற ஆராய்ச்சியாளரும் மற்றவர்களும் 1991-இல் எழுதியதில், மூணு வயசில் மனசைப் பற்றிய பேச்சை வீட்டில் நிறையக் கேட்ட பிள்ளைகள், ஆறு வயசில் அடுத்தவர் மனசை நன்றாகக் கண்டுகொண்டார்கள் என்று இருக்கிறது. அழுகையைத் தொந்தரவு என்று நினைக்கிற வீட்டில் அந்தப் பேச்சு எங்கேயிருந்து வரும்? பேச்சில்லாத வீட்டில் பிள்ளை முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் ஊகிக்கும்.

கண்டிக்காதே என்று நான் சொல்லவில்லை. பாலைக் கொட்டினால் துணியைக் கொடுத்துத் துடைக்கச் சொல். கூடவே "பயந்துட்டியா?" என்று ஒரு வார்த்தை கேள். உனக்கு மனசு சரியில்லை என்றால் "அப்பாவுக்கு இன்னைக்கு வேற கவல, உன் மேல கோவம் இல்ல" என்று சொல். அவனுக்கு அது புரியும். திரும்பவும் சொல்கிறேன், வாயைத் திறந்து சொல்.

காய்ச்சலில் அவனை விடிய விடியத் தோளில் போட்டு நடந்தவன் நீ. உன் அப்பா உங்களைத் தூக்கி நான் பார்த்ததில்லை. உன்னைப் பற்றித் தெருவில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த மனை விஷயத்தில் மட்டும் யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்கிறாய். வேலையில் ஏதாவதா? கொடைக்கு வந்தபோது சுமதி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் கேட்கவில்லை. நீங்கள் ரெண்டு பேரும் பேசிக்கொள்கிறீர்கள்தானே?

மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. சின்னத்தாய் வீட்டில் பசு கன்று போட்டிருக்கிறது, கவினிடம் சொல். இட்லிப் பொடியும் கருப்பட்டியும் பார்சலில் போட்டிருக்கிறேன். பொடி கொஞ்சம் காரம், பிள்ளைக்கு நிறைய நல்லெண்ணெய் ஊற்றிக் கொடு. சனிக்கிழமை போன் பண்ணு. முதலில் சுமதியிடம் கொடு.

அன்புடன்,
அம்மா