200 இடத்துக்குப் போடச் சொல்லும் அண்ணன், அக்காமாருக்கு

அமெரிக்காவில் ரெசிடென்சி, அதாவது டொக்டர்மாருக்கான சிறப்புத்துறைப் பயிற்சி, கிடைத்துப் போன பிறகும் எங்களை மறக்காமல் ஸூமில் வந்து வழிகாட்டும் அண்ணன், அக்காமாருக்கு வணக்கம்.

நீங்கள் இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து இந்தப் பாதையைப் பலர் கண்டுபிடித்தே இருக்க மாட்டோம். ஆனால் நீங்கள் சொல்லும் ஒரு வசனம் எங்கள் ஆட்களின் காசைக் கரைக்கிறது: "யோசிக்காமல் 200 புரோகிராமுக்கு விண்ணப்பம் போடு."

கணக்கைப் பாருங்கள். புரோகிராம் என்பது ஒரு ஆஸ்பத்திரி நடத்தும் பயிற்சித் திட்டம்; மெட்ச் என்பது விண்ணப்பதாரரையும் புரோகிராமையும் ஆண்டுதோறும் பொருத்தும் முறை; ஈராஸ் விண்ணப்பங்களை அனுப்பும் இணையத்தளம். 2025 மெட்சுக்கான ஈராஸ் கட்டணப்படி ஒரு துறையில் முதல் 30 புரோகிராமுக்குத் தலா 11 டொலர்; அதற்கு மேல் தலா 30 டொலர். 200 போட்டால் 5,430 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தாலே 16 இலட்சம் தாண்டுகிறது. 80 போட்டால் 1,830 டொலர், ஐந்தரை இலட்சம். ஸ்டெப் வன், ஸ்டெப் டூ என்ற அமெரிக்க மருத்துவ உரிமப் பரீட்சைகளின் செலவு வேறு. வெள்ளவத்தையில் வாடகை கட்டிக்கொண்டு அரசாங்கச் சம்பளத்தில் இருப்பவர் இந்தப் பணத்துக்கு எங்கே போவார்? அம்மாவின் நகைக்குத்தான்.

நீங்கள் போட்ட காலத்தில் அந்த யோசனை சரியாக இருந்திருக்கலாம். 2022 ஜனவரியில் ஸ்டெப் வன்னுக்குப் புள்ளி போடுவதை நிறுத்தி, பாஸா ஃபெயிலா என்று மட்டும் சொல்லத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு ஸ்டெப் டூ புள்ளிக்குத்தான் மவுசு. வந்து குவியும் விண்ணப்பங்களை முழுதாக வாசிக்க எவருக்கும் நேரமில்லை. புள்ளி, பட்டம் பெற்ற ஆண்டு, விசா என்று கணினியில் வடிகட்டிய பிறகே பல இடங்களில் திறக்கிறார்கள். வடி இறுக இறுக இங்கே பயம் கூடுகிறது. பயத்தில் இன்னும் 50 இடத்துக்குப் போடுகிறோம். வடி மேலும் இறுகுகிறது. 2025 மெட்சில் 43,000 சொச்சம் இடங்களுக்கு 52,000க்கு மேற்பட்டோர் பதிந்தார்கள். ஆளுக்கு எத்தனை விண்ணப்பம் போட்டாலும் இடம் ஒன்றுகூட அதிகரிக்காது.

உங்கள் இடத்தில்தான் எனக்கு விசேட விருப்பம் என்று சில புரோகிராம்களுக்கு மட்டும் காட்டும் சிக்னல் வந்ததும் இந்தப் பெருக்கத்தைச் சமாளிக்கத்தான். அதே மெட்சில் இன்டர்னல் மெடிசின் என்ற பொது மருத்துவத் துறைக்கு 15 சிக்னல்: மிக விரும்பும் இடங்களுக்கு 3 தங்கம், அடுத்தவற்றுக்கு 12 வெள்ளி. அந்த 15 மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் அந்த ஆண்டு மெட்ச் ஆனது நூற்றுக்கு 58 பேர்தான், பயம் நியாயமானது. ஆனால் எங்களை முதல் வடியிலேயே தள்ளும் இடத்துக்குப் போடும் விண்ணப்பம் பயத்துக்கும் மருந்தில்லை.

கைமாறி வந்த எக்செல் தாள் ஒன்றைப் பார்த்தேன். நியூயோர்க்கிலிருந்து டெக்சஸ் வரை புரோகிராம்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. வெளிநாட்டு டொக்டர்மார் பயிற்சிக்கு வரும் ஜே-1 விசாவை ஏற்பார்களா என்ற நிரலில் பாதி வெறுமை. பட்டம் பெற்று எத்தனை வருடம் வரை எடுப்பார்கள் என்ற நிரலே இல்லை. பட்டம் பெற்ற பின் இங்கே இன்டர்ன்ஷிப்புக்கே மாதக்கணக்கில் காத்திருக்கும் எங்களுக்கு முதலில் வேண்டியதே அதுதான்! நைட் டியூட்டி முடித்து வந்த தங்கை ஒருத்தி அந்தத் தாளை மேலிருந்து கீழ்வரை அப்படியே டிக் பண்ணினாள். விசாவே ஏற்காத இடங்களுக்கும் காசு போனது.

"நான் 200 போட்டேன், கிடைத்தது" என்கிறீர்கள். சரி, அந்த 200இல் நேர்முகத்துக்குக் கூப்பிட்டவை எவை? அவற்றில் சிக்னல் போட்டவை எத்தனை? பதில் உங்கள் மின்னஞ்சலிலேயே கிடக்கிறது.

அதைத்தான் கேட்கிறோம். உங்களை நேர்முகத்துக்குக் கூப்பிட்ட இடங்கள், உங்கள் ஸ்டெப் டூ புள்ளி, பட்ட ஆண்டு, விசா வகை, சிக்னல் போட்டீர்களா என்பதை மட்டும் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம். மெட்ச் ஆகாதவர்களும் அனுப்பினால் இன்னும் நல்லது. அவர்களிடம் இதுவரை எவரும் கேட்டதில்லை. செப்டெம்பரில் விண்ணப்பம் போடுவதற்கு முன் தாளைத் திருத்தி எல்லோருக்கும் கொடுக்கும் வேலை எங்களுடையது.

இப்படிக்கு,
இந்த முறை போடப்போகும் கொழும்புத் தங்கை ஒருத்தி