எட்டு விளக்கும் எரிந்தது

மாப்ளே,

நீ நலம் என்பது நீ போடுகிற மீன் குழம்புப் படங்களைப் பார்த்தாலே தெரிகிறது. இங்கேயும் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண்புரை எடுத்தாயிற்று, இப்போது என் சட்டைக் காலர் அழுக்கெல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம், அது ஒரு புதுத் தொல்லை. நம் ஸ்பேனர் பயல் இன்னும் அந்தப் பணத்தைத் தரவில்லை. நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வேலை பிடித்தேன் என்று சொன்னேனே, அதைப் பற்றி யாரிடமாவது கொட்டியே ஆக வேண்டும். வீட்டில் ஆரம்பித்தால் சீரியல் சத்தத்தைக் கூட்டுகிறார்கள். அதனால் நீ மாட்டினாய்.

வேலை என்னவோ எளிதுதான். எல்லா நெட் கேபிளும் வந்து சேருகிற பழைய 100 எம்பி ஸ்விட்சுகளைக் கழற்றிவிட்டு ஜிகாபிட் பி.ஓ.இ ஸ்விட்ச் (நெட் கேபிளிலேயே கரண்டும் அனுப்புகிற ரகம்) வைக்க வேண்டும், வைஃபை பரப்புகிற பழைய ஆக்சஸ் பாயிண்டுகளை எடுத்துவிட்டு வைஃபை 6 மாட்ட வேண்டும். கேபிள் பற்றிப் பேச்செடுத்ததுமே முதலாளி கையை உயர்த்திவிட்டார், "கேபிள் எல்லாம் மச்சான் பையன் போன வருசந்தான் புதுசா இழுத்தானுங்க, கேட் 6 ரகமுங்க, நீங்க பெட்டிய மட்டும் மாத்துங்க." சரி என்று கேபிளுக்கு நான் பொறுப்பில்லை என்று கொட்டேஷனில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். வாத்தி சொல்லிக்கொடுத்ததில் உருப்படியாக நினைவில் இருப்பது அது ஒன்றுதான்.

ஞாயிறு ராத்திரி மாற்றினோம். நீ 22 டிகிரி ஏ.சி.யில் உட்கார்ந்து நெட்வொர்க் படத்தில் ஒரு கோடு போட்டு "அப்லிங்க்" என்று எழுதிவிடுகிறாய் பார், அந்தக் கோட்டை ஒருத்தன் பன்னிரண்டு அடி ஏணியில் ஏறி, பஞ்சுத் தூசி மூக்கில் அடைக்க, பல்லில் டார்ச்சைக் கடித்துக்கொண்டு இழுக்கிறான். பழைய ஸ்விட்சைக் கழற்றினால் உள்ளே விசிறி தெரியவில்லை, பஞ்சு மெத்தைதான் இருந்தது. மேலே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. இரண்டு போர்ட்டில் குங்குமம். அந்த இரண்டும் நன்றாகவே வேலை செய்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாக் கேபிளையும் டெஸ்டரில் போட்டுப் பார்த்தோம். கம்பிக்கு ஒன்றாக எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன. ஆக்சஸ் பாயிண்ட் எல்லாம் பச்சை. விடிவதற்குள் கிளம்பிவிட்டோம்.

திங்கள் மத்தியானம் போன். தையல் பகுதியில் வைஃபை போய்ப் போய் வருகிறது. நான் போய்ச் சேரும்போது சரியாகிவிட்டது. மறுநாளும் அதே கதை, மத்தியானம் ஆனால் போகும், வெயில் தாழ்ந்தால் வந்துவிடும். முதலில் எவனோ தொங்குகிற கேபிளைப் பார்த்துப் பாவப்பட்டுப் பக்கத்து போர்ட்டில் சொருகி, டேட்டா சுற்றிச் சுற்றி நெட்டையே அடைக்கிற மாதிரி லூப் ஆக்கிவிட்டான் என்றுதான் தேடினேன். 2002 இல் பாஸ்டனில் அந்தப் பெத் இஸ்ரேல் ஆஸ்பத்திரி நெட்வொர்க், லூப்பைத் தடுக்க வேண்டிய ஸ்பேனிங் ட்ரீ சிக்கலில் நாள்கணக்காகப் படுத்து, டாக்டர்கள் எல்லாம் காகிதத்துக்குத் திரும்பிய கதையைச் சொல்லிச் சொல்லி நீ என்னைக் கெடுத்து வைத்திருக்கிறாய், எதைப் பார்த்தாலும் லூப்பாகத்தான் தெரிகிறது. லூப் இல்லை. ஸ்விட்ச் தானே நேரத்தோடு குறித்து வைக்கிற லாகில் பார்த்தால் ஆக்சஸ் பாயிண்டுகள் ஒவ்வொன்றாக அணைந்து மறுபடி பூட் ஆகின்றன. அதுவும் ஸ்விட்ச் இருக்கிற ரேக்குக்குத் தூரத்தில் இருப்பவை மட்டும்.

முதலாளி நேராகவே கேட்டார், "பழசு நல்லாத்தானுங்க ஓடுச்சு, உங்க புதுசுதான கோளாறு?" அவரைக் குறை சொல்லவும் முடியாது, வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

கட்டிங் டேபிளில் ஒரு பிளேடு வாங்கி, ட்ரேயில் மிச்சம் கிடந்த கேபிள் துண்டை எடுத்துச் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். இரண்டு சுரண்டலில் உள்ளே வெள்ளை. சி.சி.ஏ! அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி, உறையில் கேட் 6 என்று அச்சடித்த சரக்கு. கம்பியும் மெலிசு. நல்ல கேட் 6 பெட்டி 305 மீட்டர், தூக்கினால் பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும், இடுப்பு சொல்லும். இதை அந்தப் பையன் ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்திருப்பான், சந்தோஷமாகவும் இருந்திருப்பான்.

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொன்னால்தான் எனக்கு ஆறும். அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல். பழைய ஆக்சஸ் பாயிண்ட் 15.4 வாட் பி.ஓ.இ.யில் அரை வயிறாக ஓடிக்கொண்டிருந்தது, புதிதுக்கு 30 வாட் வேண்டும். மின்சாரம் கூடக் கூடக் கம்பியில் தொலைவதும் கூடுகிறது. அதன் மேல் தகரக் கூரை. கூரைக்கு ஒட்டி ஓடுகிற கேபிள் சித்திரை வெயிலில் என்ன சூடு ஏறும் என்று நினைத்துப் பார், பத்து டிகிரிக்கு ஏறக்குறைய நான்கு சதவீதம் மின்தடை கூடும். 80, 90 மீட்டர் தாண்டி அந்த முனையில் வோல்டேஜ் படுத்துவிடுகிறது, பெட்டி அணைகிறது. நாங்கள் சோதித்ததோ நடுராத்திரி, கூரை குளிர்ந்து, ஒரு ஆள் கூட வைஃபையில் இல்லாத நேரம். அந்த நானூறு ரூபாய் டெஸ்டருக்குக் கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். இரும்பு ஆணியைச் சொருகினாலும் எட்டு விளக்கும் எரியும்.

இதுவரைக்கும் தொழில் புலம்பல். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

அங்கே ஓவர்லாக், பேட்லாக் தைக்கிறவர்களுக்குப் பீஸ் ரேட். ஒரு பண்டல் முடிந்ததும் சீட்டில் இருக்கிற பார்கோடை ஸ்கேன் பண்ண வேண்டும், அந்தக் கணக்கில்தான் சனிக்கிழமை சம்பளம். ஸ்கேனர் படித்ததும் "பீப்" என்று கத்தும். அது ஸ்கேனரே போடுகிற சத்தம், சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்த ஆப்பை எழுதின புண்ணியவான் நெட் இல்லாவிட்டால் சேர்த்து வைத்துப் பிறகு அனுப்ப வேண்டும் என்றுகூட யோசிக்கவில்லை. மத்தியானத்தில் ஸ்கேன் பண்ணியதெல்லாம் காற்றோடு போச்சு.

கண்டுபிடித்தது நானில்லை. ஓவர்லாக் ஓட்டுகிற ஒரு அக்கா. மகனுடைய பழைய ரஃப் நோட்டில் ஒவ்வொரு பண்டலுக்கும் ஒரு கோடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று, பக்கத்தில் சைஸும் கலரும். சூப்பர்வைசர் முன்னால் அதை விரித்து வைத்து, "நான் ஒன்றரை ஷிப்ட் ஓட்டியிருக்கேன், உங்க கம்ப்யூட்டர் அரை நாள் தூங்கியிருக்கு" என்றது. சத்தமே போடவில்லை. நான் நோட்டை வாங்கி, ஸ்விட்ச் லாகில் இருந்த நேரத்தோடு வைத்துப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற கோடுகள்தான் கம்ப்யூட்டரில் இல்லை. என்னுடைய எந்தக் கருவியும் அவ்வளவு சுத்தமாகப் பழுதைக் காட்டவில்லை, மாப்ளே.

முதலாளியிடம் லாகையெல்லாம் காட்டவில்லை. சுரண்டிய கம்பியைக் கையில் கொடுத்தேன். துணியைத் தடவியே அதன் கனம் 160 ஜி.எஸ்.எம்.மா 180 ஜி.எஸ்.எம்.மா என்று சொல்கிற ஆள், விரலில் உருட்டிப் பார்த்தார், வளைத்தார், நாலாவது வளைப்பில் ஒடிந்தது. "செம்புன்னு பில்லு போட்டிருக்கானுங்களே" என்றார். மச்சான் வீட்டில் அன்று ராத்திரி என்ன நடந்ததோ எனக்குத் தெரியாது, மறுநாள் காலையில் புது கேபிளுக்கு அட்வான்ஸ் வந்துவிட்டது. ஆக்சஸ் பாயிண்டுக்கும் கேமராவுக்கும் போகிற கேபிள்களை மட்டும் அசல் செம்பில் மாற்றியிருக்கிறோம், மேஜை கம்ப்யூட்டர்களுக்குப் போவது "அப்புறம் பாக்கலாங்க". வாசலைத் தாண்டி இருக்கிற கட்டிங் குடோனுக்கு, மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிளான ஃபைபர் போட வைத்துவிட்டேன். போன வருடம் ஐப்பசி இடியில் அந்தப் பழைய கேபிள் வழியாக மின்னல் வந்து இரண்டு ஸ்விட்ச் போயிருக்கிறது, அதனால் சீக்கிரம் ஒத்துக்கொண்டார். இப்போது மத்தியான வெயிலிலும் ஒன்றும் அணைவதில்லை.

அக்காவுக்கு நோட்டுப்படி கொடுத்துவிட்டார்கள். நோட்டு வைத்திருந்த இன்னும் சிலருக்கும். வைக்காதவர்களுக்கு? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரு வரிசை முழுக்க இருக்கிறார்கள், ஹாஸ்டலில் தங்கி, தமிழில் "சாப்பிட்டாச்சு" என்பதற்கு மேல் பேசத் தெரியாது. சூப்பர்வைசரிடம் கேட்டேன், "சராசரி போட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாங்க" என்றான். கேபிளுக்குப் பொறுப்பில்லை என்று கையெழுத்து வாங்கிய காகிதம் என் பையில்தான் இருந்தது, அதை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பதற்கே ஒரு மாதிரி இருந்தது. எந்தெந்த நேரம் எந்த ஆக்சஸ் பாயிண்ட் அணைந்தது என்று லாகை அச்செடுத்து, எந்த வரிசை எதற்குக் கீழே வருகிறது என்று குறித்து ஆபீஸில் கொடுத்திருக்கிறேன். படிப்பார்களா என்று தெரியவில்லை, அடுத்த வாரம் பில்லுக்குப் போகும்போது கேட்பேன். பில் தாமதமானால் ஆகட்டும்.

இனிமேல் யார் இழுத்த கேபிளாக இருந்தாலும் மின்தடையை அளக்காமல் பி.ஓ.இ பெட்டி மாட்டுவதில்லை என்று இருக்கிறேன். அதற்குக் கேபிளை முழுசாக அளந்து சொல்கிற ஒழுங்கான சர்ட்டிஃபையர் கருவி வேண்டும். இங்கே வாடகைக்கு எடுத்தால் வாடகையே கூலியைத் தின்றுவிடுகிறது, புதிது வாங்கினால் வீட்டை விற்க வேண்டும். உங்கள் கம்பெனியில் காலிபரேஷன் கெடு முடிந்து மூலையில் கிடக்கிற பழசு ஏதாவது விற்பார்களா என்று விசாரி. திரை கீறியிருந்தாலும் பரவாயில்லை, டிசி மின்தடை காட்டினால் போதும். விலையை முதலில் சொல், உன் தம்பி கல்யாணத்துக்கு மைக் செட் ஏற்பாடு பண்ணியது மாதிரி வாங்கிவிட்டுச் சொல்லாதே.

அன்புடன்,
உன் ஒல்லி