யாரும் பதில் சொல்லாத கேள்விக்கு 7,636 ரூபாய் பில்

அனுப்புநர்:
தொழில்நுட்பப் பொறுப்பாளர்,
போட்டித் தேர்வுப் பயிற்சி மையம்,
விருதுநகர்.

பெறுநர்:
குறைதீர்ப்பு மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: உங்கள் வீடியோ டெம்ப்ளேட்டில் (நீங்கள் தரும் ஆயத்த நிரலில்) உள்ள கோளாறால் வந்த கூடுதல் கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். சென்ற மாதம் நீங்கள் அனுப்பிய பில் 7,986 ரூபாய். அதில் 7,636 ரூபாய், எங்கள் ஃபங்ஷன் (உங்கள் சர்வரில் எங்களுக்காக ஓடும் சிறு நிரல்) ஒரு வேலையும் செய்யாமல் ஒரு கேள்விக்குப் பதில் வரும் என்று காத்துக்கிடந்த நேரத்துக்கான கட்டணம். அந்தக் கேள்வி வரக் காரணம் நீங்கள் எழுதிக் கொடுத்த டெம்ப்ளேட். காத்திருக்கும் நேரத்தை நீட்டச் சொன்னதும் உங்கள் சேவைப் பிரிவுதான். மூன்று டிக்கெட் (புகார்ப் பதிவு) போட்டேன். மூன்றையும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டீர்கள். அதனால்தான் இப்போது கடிதம்.

எங்களுடையது சிறிய மையம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக ஆசிரியர்கள் பத்துப் பத்து நிமிடமாக போனிலேயே பாடத்தைப் பதிவு செய்து ஏற்றுவார்கள். ஒவ்வொரு வீடியோவும் ஒரு ஜிபியைத் தாண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி டேட்டா போட்டிருக்கும் பிள்ளையிடம் அதை அப்படியே அனுப்ப முடியாது. எனவே 360பிக்குச் சுருக்கி 40 எம்பிக்குள் கொண்டுவருவோம். இதுவரை அந்த வேலையைச் செய்தது அலுவலக மேசைக்கடியில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். கரண்ட் போனால் அதுவும் போய்விடும் என்பதால் வேலையை உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஓட்டித் தரும் சர்வர்லெஸ் சேவைக்கு மாறினோம். 'சர்வரைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஓடிய விநாடிக்கு மட்டும் பணம்' என்று உங்கள் பக்கத்தில் எழுதியிருந்ததை நம்பித்தான்.

'ஒரே கிளிக்கில் வீடியோ லைப்ரரி' என்றும் போட்டிருந்தீர்கள். எனக்கு அது மூன்று நாள் கிளிக். நீங்கள் தந்த லேயரில் (ஃபங்ஷனோடு சேர்க்கும் துணைப் பொதியில்) இருந்தது, வீடியோவைச் சுருக்கும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளைக் கூப்பிடும் மேலுறை மட்டும். வேலையைச் செய்கிற எஃப்எஃப்எம்பெக் உள்ளே இல்லை. அதை நானே தேடி எடுத்துப் போட்டால் 'எக்ஸெக் ஃபார்மேட் எரர்' வந்தது. நாம் எதையும் குறிப்பிடாவிட்டால் உங்கள் ஃபங்ஷன் ஆர்ம் வகை பிராசஸரில் ஓடுமாம், நான் போட்டது இன்டெல் வகைக்கானது. அதையும் மாற்றிய பிறகு 'பெர்மிஷன் டினைட்'. இந்தக் கடைசித் தவறு என்னுடையதுதான். விண்டோஸில் ஜிப் செய்ததில் ஃபைலை இயக்கும் அனுமதி கழன்றுவிட்டது. சரி, இதையெல்லாம் நான் புகாராக எழுத வரவில்லை. புகார் இதற்கு அப்புறம் நடந்ததைப் பற்றியது.

நான்காம் நாள் முதல் வீடியோ ஏறியது, ஒன்றரை நிமிடத்தில் சுருங்கி வந்தது. சந்தோஷப்பட்டோம். இரண்டாவது வீடியோ வரவே இல்லை. லாகில் (நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவில்) 'டைம்அவுட்', அதாவது நேரம் முடிந்தது, என்ற ஒற்றை வரி. டெம்ப்ளேட்டைத் திறந்து எதையாவது மாற்றி மறுபடி டிப்ளாய் செய்தால் (சர்வரில் ஏற்றினால்) முதல் வீடியோ ஓடும், அடுத்தது நிற்கும். நான் மாற்றியதால்தான் ஓடியது என்று ஒவ்வொரு முறையும் ஏமாந்தேன். பேய் பிடித்த மாதிரி இருந்தது.

முதல் டிக்கெட் போட்ட அன்றே பதில் வந்தது. 'வீடியோ வேலைக்கு மெமரி போதவில்லை. 2 ஜிபியை 8 ஜிபி ஆக்குங்கள், நேர வரம்பை 5 நிமிடத்திலிருந்து 15 நிமிடமாக உயர்த்துங்கள்' என்றார்கள். ஒன்றரை நிமிடத்தில் முடிகிற வேலைக்கு 15 நிமிடம் எதற்கு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை, சொன்னபடி செய்தேன். நீங்கள் ஜிபியையும் விநாடியையும் பெருக்கித்தானே கட்டணம் போடுகிறீர்கள்? முன்பு ஒருமுறை நின்றால் 600 ஜிபி-விநாடி. உங்கள் யோசனைக்குப் பிறகு அதுவே 7,200. பன்னிரண்டு மடங்கு. அதோடு, ஃபங்ஷன் தோற்றால் தானாகவே இன்னும் இரண்டு முறை முயலும்படி டெம்ப்ளேட்டில் வைத்திருக்கிறீர்கள். ஆக ஒரு வீடியோவுக்கு 45 நிமிடம் வீண். இதற்கிடையில் 'வரவில்லையே சார், திரும்ப ஏற்றட்டுமா?' என்று ஆசிரியர்கள் கேட்க, நானும் ஏற்றுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதினெட்டாம் நாள் இரவு பதினொன்றே முக்கால் மணிக்கு உங்கள் டெம்ப்ளேட்டிலிருந்த கட்டளையை அப்படியே எடுத்து என் லேப்டாப்பில் ஓட்டினேன். முதல் முறை ஓடியது. இரண்டாம் முறை கறுப்புத் திரையில் ஒரு வரி வந்து நின்றது. 'அவுட்புட் என்ற ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேலேயே எழுதவா? ஒய் / என்' என்பது அதன் பொருள். பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

உங்கள் பொறியாளர்களுக்கு இது சொல்லாமலே புரியும். ஆனாலும் டிக்கெட்டை மூடியவர்களுக்காக எழுதுகிறேன். டெம்ப்ளேட், சுருக்கிய வீடியோவை ஒவ்வொரு முறையும் டெம்ப் ஃபோல்டரில் 'அவுட்புட்' என்ற ஒரே பெயரில் எழுதுகிறது. ஸ்டோரேஜுக்கு அனுப்பிய பிறகு அதை அழிப்பதில்லை. ஃபங்ஷன் ஓடும் தனி அறை போன்ற கன்டெய்னர் புதியது என்றால் (டிப்ளாய் செய்ததும் கிடைப்பது அதுதான்) ஃபோல்டர் காலியாக இருக்கும், வேலை நடக்கும். அடுத்த வீடியோ அதே கன்டெய்னருக்கு வந்தால் பழைய ஃபைல் அங்கேயே கிடக்கும், எஃப்எஃப்எம்பெக் அனுமதி கேட்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். 2000இல் தொடங்கிய அந்த மென்பொருள், கட்டளை அடிப்பவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்து மரியாதையாகக் கேட்கிறது. உங்கள் சர்வரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? டெம்ப்ளேட்டோ பதில் வர வேண்டிய உள்ளீட்டுக் குழாயைத் திறந்தே வைத்திருக்கிறது. எனவே 'ஆளில்லை' என்பதுகூட அதற்குத் தெரியாமல் நேர வரம்பு முடியும்வரை காத்துக் கிடக்கிறது.

கேள்வி லாகில் ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வி வரிமுடிவு இல்லாமல் அச்சாகிறது. உங்கள் டெம்ப்ளேட் வரி முடிந்தால்தான் லாகில் எழுதும். பதில் வராமல் வரி முடியாது, வரி முடியாமல் லாகில் வராது. இதை வேண்டுமென்றே யோசித்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக அமைந்திருக்காது!

கட்டளையில் 'ஹைஃபன் ஒய்' என்று இரண்டு எழுத்து சேர்த்தேன். கேட்காமலே மேலே எழுது என்று அதற்குப் பொருள். வேலை முடிந்ததும் ஃபைலை அழிக்க ஒரு வரி. அன்றிலிருந்து ஒரு வீடியோகூட நிற்கவில்லை.

கணக்கு இதுதான். உங்கள் யோசனைப்படி மாற்றிய பிறகு மூன்று முயற்சியிலும் தோற்ற அப்லோடுகள் 214. தலா 45 நிமிடம் என்றால் 160 மணி நேரத்துக்கு மேல், 46,22,400 ஜிபி-விநாடி. உங்கள் விலைப்படி வரியோடு 7,636 ரூபாய். இரண்டாம் முயற்சியில் வேறு கன்டெய்னர் கிடைத்துத் தப்பியவற்றை நான் சேர்க்கவில்லை, அதற்கு முந்தைய 2 ஜிபி நாள்களையும் விட்டுவிட்டேன். லாக் முழுவதையும் இணைத்திருக்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைசிப் பதிலில் 'பகிரப்பட்ட பொறுப்பு' என்று ஒரு பத்தி இருந்தது. ஃபங்ஷனுக்குள் ஓடும் நிரல் வாடிக்கையாளரின் பொறுப்பு என்பது அதன் சாரம். நான் எழுதிய நிரலாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். இது உங்கள் பெயர் போட்டு, 'தயாரிப்புச் சூழலில் பயன்படுத்தலாம்' என்ற முத்திரையோடு நீங்கள் கொடுத்தது. வீடியோவைச் சுருக்கும் பகுதியில் நான் கைவைக்கவே இல்லை. ஹோட்டலில் கொடுத்த சாம்பாரில் கல் கிடந்தால் 'மென்றது நீங்கள்தானே' என்று சொல்வீர்களா?

மூன்றாவது முறை போனில் பேசிய பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் ஒருவர்தான் நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். 'டெம்ப்ளேட்டை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை சார், மேலே அனுப்புகிறேன்' என்று உள்ளதைச் சொன்னார். இந்தக் கடிதத்தால் அவருக்கு எந்தத் தொல்லையும் வரக் கூடாது.

நேற்று இரவுகூடப் பார்த்தேன், டெம்ப்ளேட் அப்படியேதான் இருக்கிறது. அதை இன்றே திருத்துங்கள். ஏற்கெனவே எடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். என்னைப் போலவே பலர் மெமரியை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். 7,636 ரூபாயைப் பதினைந்து நாளுக்குள் கட்டிய கார்டுக்கே திருப்பி அனுப்புங்கள். கிரெடிட் கூப்பனாகத் தர வேண்டாம், அதைச் செலவழிக்க எங்களுக்கு வழியில்லை. மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டருக்குப் போன வாரம் ஒரு யுபிஎஸ் வாங்கிவிட்டோம்.

இப்படிக்கு,
தொழில்நுட்பப் பொறுப்பாளர்