பீர் வாடைக்கு யார் பொறுப்பு? கெகரேட்டர் சீரமைப்பு குறித்த புகார்

அனுப்புநர்:
சோடாக் கடை உரிமையாளர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பழைய கெகரேட்டரைச் சீரமைத்ததில் குறைபாடு, உத்தரவாதத்தை மறுத்தது, என் மேல் எழுத்தில் சுமத்திய குற்றச்சாட்டு தொடர்பாக.

ஐயா,

"மெஷினில் பீர் ஓட்டியதற்கான வாடை இருப்பதால் உத்தரவாதம் செல்லாது" என்று உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த பதிலைப் படித்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது, கோபம் அப்புறம்தான். வாடை இருப்பது உண்மை. ஆனால் அது நான் ஓட்டிய எதன் வாடையும் இல்லை. மாற்றிவிட்டதாக நீங்கள் பில் போட்டு, மாற்றாமலே விட்ட குழாய்களின் வாடை.

நான் பல வருடம் கப்பலில் பார் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். இஞ்சி சோடாவும் எலுமிச்சையும் நன்னாரியும் பாட்டிலில் அடைக்காமல் டேப்பில் பிடித்துக் கொடுக்கலாம் என்று, மூடிப்போன ஓர் ஓட்டல் பாரிலிருந்து இந்தக் கெகரேட்டர் பெட்டியை வாங்கினேன். உங்கள் ஆட்கள் பில்லில் இதை 'பீர் ஃபிரிட்ஜ்' என்றே எழுதியிருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: கெக் என்கிற உலோகப் பீப்பாயைக் குளிரில் வைத்து, உள்ளே இருப்பதைக் கரியமில வாயு அழுத்தத்தில் மேலே டேப்புக்கு ஏற்றுவது. சொல்லப்போனால், நீங்கள் எனக்கு விற்ற 19 லிட்டர் கெக்கே பீருக்காக வந்த சாமான் இல்லை. குளிர்பான கம்பெனிகள் சிரப் அடைத்து அனுப்புவதற்காக வந்தது. அவர்கள் அதைக் கைவிட்ட பிறகுதான் வெளிநாடுகளில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் அள்ளிக்கொண்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வேலைச் சீட்டில் 'சோடாவுக்கு' என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தச் சீட்டை உங்களில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

குழாய் விஷயத்துக்கு வருகிறேன். பில்லில் 'புதிய உணவுத்தரக் குழாய், ஓ-ரிங் முழு செட்' என்று இருக்கிறது. பெட்டியை உங்களிடம் கொடுப்பதற்கு முன்பு நான் எடுத்த போட்டோவில், டேப்புக்குப் போகும் குழாயின் அடியில் சிவப்பு இன்சுலேஷன் ஒட்டுநாடா சுற்றியிருப்பது தெரியும். திரும்பி வந்த பெட்டியிலும் அதே குழாய், அதே சிவப்புச் சுற்று. ஒரு துண்டை வெட்டிப் பிளந்து பார்த்தேன். உள்சுவர் முழுக்கப் பழுப்பாகக் காறை படிந்திருக்கிறது. பீர் ஓடும் குழாயை ஒழுங்காகக் கழுவாமல் மாதக்கணக்கில் விட்டால் படிகிற சுண்ணாம்புச் சத்துக் கறை அது. பார் வேலை செய்த எவரிடம் காட்டினாலும் சொல்லிவிடுவார்கள். புதுக்குழாயில் நான் நாலு நாள் பீரே ஓட்டியிருந்தாலும் இப்படிப் படியாது. ஓ-ரிங் என்கிற பழைய ரப்பர் வளையங்களும் அதே கதைதான். முன்பு ஓடிய பானத்தின் மணத்தை ரப்பர் பிடித்துவைத்துக்கொள்ளும், எத்தனை தடவை வெந்நீரில் போட்டாலும் போகாது. அதனால்தான் அவற்றை மாற்றச் சொன்னேன், மாற்றுவதற்குப் பணமும் கொடுத்தேன்.

உங்கள் மெக்கானிக் தம்பி வந்து மூடியைத் திறந்ததும், "இது பீரு வாடையாக்கும், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, மோந்ததைச் சொன்னார். அதைக் கடிதத்தலைப்பில் டைப் அடித்து அனுப்பிய உங்களைத்தான் கேட்கிறேன்.

அடுத்தது நுரை. பீருக்கு 10 முதல் 12 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். சோடா சுள்ளென்று இருக்க அதே குளிரில் 30 பிஎஸ்ஐ பக்கம் வைக்க வேண்டும். அவ்வளவு அழுத்தத்தில் வருகிற பானம் டம்ளரில் அமைதியாக விழ வேண்டுமானால், மெல்லிய குழாய் ஏழெட்டு மீட்டராவது சுருட்டி உள்ளே இருக்க வேண்டும். அந்த நீளத்தில்தான் வேகம் அடங்கும். இருப்பதோ பீருக்கென்று போட்ட பழைய இரண்டு மீட்டர். டேப்பைத் திறந்தால் தீயணைப்பு வண்டிபோலச் சீறுகிறது. முக்கால் டம்ளர் நுரை, நுரை அடங்கியதும் அடியில் சர்க்கரைத் தண்ணீர். அழுத்தத்தைக் குறைத்து வையுங்கள் என்று போனில் யோசனை சொன்னார்கள். குறைத்தால் அது சோடாவாக இருக்காது, சர்பத்தாகிவிடும்.

வாயுக் கசிவை நீங்கள் லேசாக எடுத்துக்கொண்டதுதான் எனக்குப் பெரிய வருத்தம். "சிலிண்டர் மீட்டரில் முள் இறங்கவில்லை, அதனால் லீக் இல்லை" என்றார் உங்கள் சர்வீஸ் மேற்பார்வையாளர். சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கிறது. வாயு வெளியேற வெளியேறத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். திரவம் தீரும்வரை முள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும், அப்புறம் ஒரேயடியாக விழும். எவ்வளவு மிச்சம் என்று அறியச் சிலிண்டரைத் தராசில் வைக்க வேண்டும். நான் வைத்தேன். கடை பூட்டியிருந்த ராத்திரியிலும் எடை குறைந்திருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் ரெகுலேட்டர் சேருமிடத்திலும் கெக் மூடியிலும் குமிழி வருகிறது. இது வெறும் காசு நஷ்டம் மட்டும் இல்லை. காற்றைவிடக் கனமான வாயு, தரையோடு தங்கும். ஷட்டரை இறக்கிய சின்னக் கடைக்குள் காலையில் குனிந்து கூட்டிப் பெருக்குகிறவர் என் மனைவி.

டேப்பும் பில்லில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்'. பின்பக்கம் லேசாகச் சுரண்டினால் மஞ்சள் தெரிகிறது, குரோமியம் பூசிய பித்தளை. எலுமிச்சையும் சோடாவும் புளிப்பு. பூச்சு விட்ட இடத்தில் பித்தளையிலுள்ள செம்பு கரைந்து பானத்தில் இறங்கும். அதைக் குடிக்கிறவருக்குக் குமட்டலும் வாந்தியும் வரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே டேப்பைக் கட்டிவைத்துவிட்டேன்.

கதவு ஓரத்து ரப்பர் காஸ்கெட்டும் சரியில்லை, காகிதத்தை இடுக்கி இழுத்தால் பிடிமானமே இல்லாமல் வருகிறது. மழைக்காலம் இரண்டு முறை வரும் நம் மாவட்டத்து ஈரத்துக்கு உள்ளே எப்போதும் தண்ணீர் வடிகிறது. 'கேஸ் சார்ஜ்' என்று போட்டிருக்கிறீர்கள், குளிரூட்ட எந்த வாயு, எத்தனை கிராம் என்று எழுதித் தாருங்கள். மற்றபடி கம்ப்ரஸர் நன்றாக ஓடுகிறது, பெயின்ட் வேலை அருமை. இல்லாத குறையைச் சொல்ல எனக்கு ஆசை இல்லை.

இனி அந்தக் குற்றச்சாட்டு. அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சுவது பொழுதுபோக்கு. இங்கே 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது காய்ச்சுவது குற்றம். ஊரில் அக்கானி (பதநீர்) இறக்குகிறவர்கூடக் கலயத்தில் சுண்ணாம்பு தடவித்தான் மரம் ஏறுகிறார், புளித்துக் கள்ளாகிவிடக் கூடாது என்று. அப்படிப்பட்ட இடத்தில் உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கிக் கடை வைத்திருப்பவனைப் பார்த்து 'பீர் ஓட்டினாய்' என்று எழுத்தில் கொடுப்பது விளையாட்டில்லை. அந்தக் கடிதத்தை எழுத்தாலேயே திரும்பப் பெற வேண்டும்.

குழாய், ஓ-ரிங், டேப், காஸ்கெட் நான்கையும் பில்லில் சொன்ன தரத்தில், சோடாவுக்கு வேண்டிய நீளத்தில், கட்டணமின்றி மாற்றி, கசிவுச் சோதனையை என் முன்னால் செய்து காட்டுங்கள். முடியாதென்றால் பணம் முழுவதையும் திருப்பித் தாருங்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வேண்டும்.

பில்லின் அடியில் 'வழக்குகள் எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே உட்பட்டவை' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். பிழைப்புக்காகத் தானே உழைத்துக் கடை நடத்துகிறவனும் அந்தச் சட்டத்தில் நுகர்வோர்தான். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட ஆணையத்தில், 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட சேவைக்குப் புகார்க் கட்டணமும் கிடையாது. பஸ் ஏறினால் போய்விடலாம். வெட்டிய குழாய்த் துண்டை உறையில் போட்டு வைத்திருக்கிறேன், அதை உங்களுக்கு அனுப்பப் போவதில்லை, போட்டோ மட்டும் இணைத்திருக்கிறேன்.

ஆள் அனுப்புவதாக இருந்தால் திங்கட்கிழமை அனுப்புங்கள். அன்று பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை, கடையில் கூட்டம் இருக்காது. போன முறைபோல ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேண்டாம்.

இப்படிக்கு,
சோடாக் கடை உரிமையாளர், தக்கலை.

இணைப்பு: பில் நகல், வேலைச் சீட்டு நகல், உங்கள் பதில் கடிதத்தின் நகல், போட்டோக்கள்.