ராமையன்பட்டியில் பார்த்த அக்காவுக்கு

பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன் அக்கா. ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில், மடியில் ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தீர்கள். என் கூடையிலிருந்த முயலை எட்டிப் பார்த்து, "வாயோரம் ஈரமா இருக்கே தம்பி, கடவாய்ப் பல்லப் பாத்தாங்களா? எங்க வீட்டு முயலுக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றீர்கள்.

அதுவரை மூன்று வாரமாக ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு கிலோ இருந்த வெள்ளையன் ஒன்றரைக்கு இறங்கிவிட்டான். கேரட்டை ஆசையாக முகர்வான், கடிக்காமல் திரும்பிக்கொள்வான். புழுக்கை மிளகைவிடச் சிறுத்துப்போனது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். வெயில் சேரவில்லை என்றும் நினைத்தோம், பாளையங்கோட்டை வெயில் அப்படி.

நீங்கள் கேட்டதை அப்படியே டாக்டரிடம் சொன்னேன். மயக்கம் கொடுத்துப் பார்த்தார்கள். பின்பல் ஒன்று கூராக வளர்ந்து நாக்கைக் கிழித்திருந்தது. முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளருமாம், புல்லை மென்று அரைத்தால்தான் தேயும். குச்சித் தீவனமும் கேரட்டும் மட்டுமே போட்டு வளர்த்தது என் தப்பு.

பல்லை ராவிவிட்டார்கள். அப்புறம் நாலு நாள், ஊசியில்லாத சிரிஞ்சில் தீவனத்தைக் கரைத்து ஊட்டினோம். "அரை நாள்கூட வயித்தக் காயப்போடாதீங்க, குடல் ஓட்டம் நின்னுரும்" என்று நீங்கள் சொன்னது ராத்திரியெல்லாம் காதில் இருந்தது.

இன்று காலை சமையல் தராசில் 1 கிலோ 850 கிராம். வாய்க்கால் கரை அருகம்புல்லை நறநறவென்று தின்கிறான்.

ரொம்ப நன்றி அக்கா. உங்கள் ஆட்டுக்குட்டிக்கு இப்போது தேவலையா?