மொட்டை மாடி கூட்டத்துக்கு கை குடுத்த எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை நங்கநல்லூர்ல நம்ம மொட்டை மாடியில முன்னாள் ஜனாதிபதி கே.ஆர்.நாராயணன் பத்தி பேசுன கூட்டம் நல்லபடியா முடிஞ்சுது. பேசுனது மட்டும்தான் நானு, மத்ததெல்லாம் இழுத்துப் போட்டு செஞ்சது நீங்க, அதான் இந்த மடல்.

மொதல்ல கன்னிமாரா நூலகத்து அக்காவுக்கு. ஜனாதிபதி ஆனதுக்கப்புறம் வந்ததெல்லாம் எங்க வேணா கிடைக்கும், உங்களுக்கு அதுக்கு முன்னாடிதானே வேணும்னு அவங்களே கேட்டு தேடிக் குடுத்தாங்க. கரெக்டா எனக்கு அதான் வேணும். கேரளா உழவூர்ல ஏழை தலித் குடும்பத்துல பொறந்து, 1944-45ல நம்ம ஊரு தி இந்து பத்திரிகையிலயும் கொஞ்ச காலம் வேலை பாத்து, டாடா உதவித்தொகையில லண்டன் போயி புரொஃபசர் ஹரால்டு லாஸ்கிகிட்ட படிச்சு, அவர் குடுத்த லெட்டரோட வந்து நேருவைப் பாத்து, 1949ல ஐ.எஃப்.எஸ்.ல, அதான் வெளிநாட்டுத் தூதரக வேலையில, சேந்தவரு 1984ல கேரளா ஒற்றப்பாலம் எம்.பி. தொகுதியில காங்கிரஸுக்கு ஓட்டு கேட்டு நிக்கறாரு. நடுவுல இருக்கற அந்த 35 வருஷம்தான் எனக்கு கதையே.

அந்த கதையை என்னைவிட நல்லா சொன்னது நம்ம எட்டாங்கிளாஸ் பாப்பா தரையில சாக்பீஸ்ல போட்ட மேப்தான். அவர் வேலை பாத்த ரங்கூன், டோக்கியோ, லண்டன், கான்பெரா, ஹனோய்னு வட்டம் போட்டுட்டு ரங்கூனுக்கு மட்டும் ஒரு ஹார்ட்டின், ஏன்னா உஷா அம்மாவைப் பாத்தது அங்கதான், ஐ.எஃப்.எஸ். ஆளு வெளிநாட்டுப் பொண்ணைக் கட்டிக்கக் கூடாதுன்னு ரூல் இருந்து நேரு தனியா அனுமதி குடுத்து 1951ல கல்யாணம். 1962 சண்டைக்கு அப்புறம் சீனாவுக்கு மொதல் தூதரா 1976ல போனதும் இவர்தான். பொடிசுங்க மேப்ல பெய்ஜிங்லேந்து, அப்புறம் அவர் தூதரா போன வாஷிங்டனுக்கு ஒரே தாவா தாவிருச்சுங்க, நடுவுல டெல்லி ஜே.என்.யு. பல்கலைக்கழகத் துணைவேந்தரா இருந்ததை யாரும் மிதிக்கவே இல்ல!

ரெண்டாவது மாடி பாலக்காட்டு மாமாவுக்கு டபுள் நன்றி, மலையாளக் கட்டிங்லாம் படிச்சு சொன்னதுக்கு ஒண்ணு, என்னை மடக்குனதுக்கு ஒண்ணு. 84ல இந்திரா காந்தி செத்த அனுதாப அலைப்பா, யாரு நின்னாலும் ஜெயிச்சிருப்பான்னாரு. சரி மாமா, 1989லயும் 1991லயும் சினிமா டைரக்டர் லெனின் ராஜேந்திரனை எதுத்து ஜெயிச்சாரேன்னேன். அப்பவும் கேரளாவுல காங்கிரஸுக்கு காத்து நல்லாதான் அடிச்சுதுன்னு விடவே இல்ல. அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

ஆனா ஒண்ணு, தூதரா கத்துக்கிட்டது அவருக்கு பிரசாரத்தைவிட ராஷ்டிரபதி பவன்லதான் கை குடுத்துச்சுன்னு நான் இப்பவும் நினைக்கறேன். 1997ல உ.பி. ஆட்சியைக் கலைக்கச் சொல்லி குஜ்ரால் அமைச்சரவை அனுப்புன ஃபைலைத் திருப்பி அனுப்புனாரு, அடுத்த வருஷம் பீகாருக்கு வாஜ்பாய் அமைச்சரவை அனுப்புனதையும் அதே மாதிரி. மறுபடி வந்தா கையெழுத்து போட்டே ஆகணும், திருப்பி அனுப்ப ஒரே ஒரு சான்ஸ்தான். அதை சத்தமே போடாம எழுத்துல செய்யறதுக்கு எத்தனை வருஷப் பழக்கம் வேணும்! இந்த சட்ட விஷயத்தை எனக்குப் புரிய வெச்ச ரிட்டையர்டு சாருக்கும் நன்றி. அந்த 97 ஜனாதிபதி தேர்தல்ல இவரை எதுத்து நின்னது நம்ம டி.என்.சேஷன்னு சொன்னதும் பின்வரிசை பெருசுங்க பழைய கதை பேச ஆரம்பிச்சு அடங்கவே இல்ல, அது வேற.

சுண்டல் பண்ண பாட்டி, மைக் செட் தம்பி, தூறல்லயும் சேர் தூக்குன வாட்ச்மேன் அண்ணன், எல்லாருக்கும் நன்றி. கட்டிங் ஜெராக்ஸ் வேணும்னா எங்க வீட்ல இருக்கு. ஏ பிளாக் சேர் ரெண்டு இன்னும் மாடியிலயே கிடக்குது, யாரோடதுன்னு பாத்து எடுத்துட்டுப் போங்கப்பா.