ஆங்கில வகுப்புக்குள் நம் வயலும் சோறும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காவிரிப் படுகைக் கிராமத்துப் பிள்ளைகள் ஆங்கிலம் பேசத் தயங்குவதற்கு, அவர்கள் கண்டிராத பனிப்பொழிவையும் ஸ்ட்ராபெரியையும் கொண்டு அம்மொழியை நாம் தொடங்கிவைப்பதும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். நாற்றங்கால் முதல் கதிரடிப்பு வரையிலான வேலைகளை அவர்கள் வரிசை பிசகாமல் அறிவார்கள். அவற்றை ஆங்கிலத்தில் சொல்லப் பழக்கினாலே, நாற்று நடப்படுகிறது, கதிர் அறுக்கப்படுகிறது என்னும் செயப்பாட்டுவினை மனப்பாடமின்றிப் படியும்.

நாம் அரிசி, சோறு என இரண்டாகச் சொல்வதற்கு ஆங்கிலம் 'ரைஸ்' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பதும், நெல்லுக்கு மலாய் மொழியிலிருந்து 'பேடி' என்ற சொல்லைக் கடன் வாங்கியிருப்பதும் ஒரு பாடவேளை முழுவதும் பேசத்தக்கவை. நம் கஞ்சி 'காஞ்ஜி'யாகவும், மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி'யாகவும் ஆங்கில அகராதிக்குள் சென்றிருப்பதை அறியும் பிள்ளைக்கு அம்மொழி மீதான அச்சம் குறையும் அல்லவா?

பள்ளிகள் திறக்கும் ஜூன் மாதத்தில்தான், வழக்கமாக 12ஆம் தேதி, குறுவை நெல் சாகுபடிக்காக மேட்டூர் அணையும் திறக்கப்படுகிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் ஆங்கிலப் பயிற்சிகளில், படுகை மாவட்டங்களுக்கென வயலையும் சமையலையும் சார்ந்த உரையாடல்களைச் சேர்க்குமாறு பள்ளிக் கல்வித் துறையை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆங்கில ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.